எள்: ஈரமும் சூடும் பார்த்துச் செய்ய வேண்டிய பக்குவம்

எள் மணியின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எள்ளுருண்டை கசந்துபோவது, பொடியில் சிக்கு வாடை அடிப்பது, செக்கு எண்ணெய் இரண்டாம் மாதமே காறுவது எல்லாம் இந்தப் பாதியால் வரும் வினைதான். ஈரம் தங்கினால் எண்ணெய் கெடும், சூடு மிஞ்சினால் கருகும். கீழே அளவுகள் கொடுத்திருக்கிறோம். அவற்றை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது. ஈரத்திலும் சூட்டிலும் மட்டும் சலுகை கிடையாது.

வாங்கும்போது

கறுப்பு, பழுப்பு, வெள்ளை என மூன்று நிறங்களில் எள் கிடைக்கும். பொடிக்கும் உருண்டைக்கும் மருந்துக்கும் கறுப்பு எள்ளைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். தோலில் இருக்கும் லேசான கசப்பும் மணமும் அதில் கூடுதல். செக்குக்குப் பழுப்பு எள் போதும், எண்ணெய் நன்றாகவே வரும்.

வெள்ளை எள் என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று இயல்பாகவே வெள்ளைத் தோலுள்ள எள். பாலாடை நிறத்தில், சற்று மங்கலாக இருக்கும். மற்றது தோல் நீக்கியது. பளீரென்ற வெள்ளை, நகத்தால் அழுத்தினாலே நசுங்கும். இனிப்புக்கு மேலே தூவத் தோல் நீக்கியது அழகு. ஆனால் எள்ளின் சுண்ணாம்புச்சத்து பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, தோலோடு அதுவும் போய்விடும். சத்துக்காக வாங்குகிறவர்கள் தோலோடு இருப்பதையே வாங்க வேண்டும்.

கறுப்பு எள்ளுக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நீரில் போட்டால் கறுப்பு இறங்குகிறதே, அப்படியானால் சாயம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல கறுப்பு எள்ளும் கொஞ்சம் நிறம் விடும். மணியின் கூரான முனையைப் பாருங்கள். இயற்கையான கறுப்பு எள்ளில் அந்த முனை வெளிறி இருக்கும், சாயம் ஏறியதில் முனையும் சேர்ந்து கறுத்திருக்கும். இரண்டாக நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். ஈரப் பஞ்சில் தேய்த்ததும் மை போல ஒட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பழைய சரக்கா என்று பார்க்க ஒரு சிட்டிகை வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். முதலில் மெல்லிய இனிப்பு, பிறகு எண்ணெய்ச் சுவை வந்தால் நல்ல எள். விழுங்கும்போது தொண்டை காறினால் பழையது. வறுத்தால் அந்தக் காறல் மறையாது, இன்னும் எடுத்துக்காட்டும். மாசிப் பட்டத்தில் விதைத்த எள் வைகாசி வாக்கில் சந்தைக்கு வரும். கோடை வெயிலில் காய்ந்த சரக்கு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி வைப்பவர்களுக்கு அதுதான் தோது.

கல் அரிப்பதும் காயவைப்பதும்

எள்ளில் மண் இருந்தால் உருண்டை முழுதும் நறநறக்கும். களத்தில் தட்டி எடுக்கும் தானியம் என்பதால், சுத்தம் செய்தது என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் ஒருமுறை அரித்துவிடுங்கள்.

முதலில் முறத்தில் புடைத்துத் தூசியையும் சருகையும் நீக்குங்கள். அரை கிலோ எள்ளை அகலமான பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கையால் கலக்குங்கள். மேலே மிதக்கும் சொத்தையை வழித்து எறியுங்கள். பிறகு அரிசி அரிப்பது போலப் பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி, தண்ணீரோடு எள்ளை மெல்ல வேறொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கல்லும் மணலும் அடியில் பின்தங்கும். மூன்று முறை செய்தால் போதும். கடைசிப் பிடியை முழுக்க எடுக்க ஆசைப்படாதீர்கள். அந்த ஒரு கரண்டியில்தான் மணல் அத்தனையும் இருக்கும்.

பத்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்க விடக்கூடாது. அடிக்கண் நெருக்கமான வடிகட்டியில் கொட்டி அரை மணி நேரம் நீர் வடியட்டும். பிறகு பழைய வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, இரண்டு மணிக்கொருமுறை கையால் துழாவிவிடுங்கள். கைப்பிடி அளவு இறுக்கிப் பிடித்து விட்டால் மணல் போலச் சரிய வேண்டும், பல்லில் கடித்தால் சத்தம் வர வேண்டும். கட்டியாக நின்றால் மறுநாளும் வெயில் தேவை. மழைக்காலமானால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கழுவி, துணியில் உலர்த்தி அன்றே வறுத்துவிடுவதுதான் வழி. அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பத்து நாளில் உள்ளே சூடேறி வாடை பிடிக்கும்.

வீட்டிலேயே தோல் நீக்க வேண்டுமென்றால் கறுப்பு எள்ளை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, சுத்தமான சணல் சாக்கில் போட்டுக் கைகளால் தேய்க்க வேண்டும். தோல் உரிந்ததும் காயவைத்துப் புடைத்தால் பறந்துவிடும். பிடிவாதமான தோல் நாலில் ஒரு பங்காவது ஒட்டியிருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வறுப்பது

எள் பண்டங்களில் பாதிக் குற்றம் வறுப்பில்தான் நேர்கிறது. கனமான இரும்புச் சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈட்டுக்கு 100 முதல் 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் விடக்கூடாது. சட்டி காய்ந்ததும் தீயைச் சிறியதாக்கி எள்ளைப் போட்டுக் கை ஓயாமல் கிளறுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சிய ஈரம் போகும், லேசாக ஆவி வரும். பிறகு மணி ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கி, படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் உச்சத்தை அடைந்து குறையத் தொடங்கும் நொடியில் இறக்க வேண்டும். மொத்தம் நான்கு முதல் ஆறு நிமிடம்.

இறக்கியதும் சட்டியிலேயே விடாமல் உடனே அகலத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புங்கள். பதமாக வறுத்துவிட்டு அடுப்பை அணைத்துச் சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டில் எள் மேலும் ஒரு படி வறுபட்டுக் கசந்துவிடும். "சரியாகத்தானே வறுத்தேன், எப்படிக் கசந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

கறுப்பு எள்ளில் நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்ன உபாயம் உண்டு. அரை ஸ்பூன் வெள்ளை எள்ளையும் கூடவே போடுங்கள். வெள்ளை பொன்னிறமானால் கறுப்பும் தயார். இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் பொடியாக வேண்டும். மசிந்தால் இன்னும் பச்சை.

எள்ளுப்பொடி

சனிக்கிழமை எள்ளுச் சாதத்துக்கும் இட்லிக்கும் ஒரே பொடி போதும். கறுப்பு எள் 100 கிராம், உளுத்தம்பருப்பு 50 கிராம், காய்ந்த மிளகாய் 12, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன். புளிப்புப் பிடித்தவர்கள் கோலியளவு புளியை வெறும் சட்டியில் மொறுமொறுப்பாகும் வரை வாட்டிச் சேர்க்கலாம்.

எள்ளைத் தனியே வறுங்கள். அரை ஸ்பூன் நல்லெண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்தெடுத்து, அதே சட்டியில் பருப்பைச் சிவக்க வறுத்து, கடைசியில் மிளகாயைப் போடுங்கள். எல்லாம் முழுக்க ஆற வேண்டும், அரை மணி நேரமாவது. மிக்சியில் முதலில் மிளகாய், பருப்பு, பெருங்காயம், உப்பு, புளி ஆகியவற்றை ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். எள்ளை அதன் பிறகு போட்டு, விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று சுற்றி நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மிக்சிச் சூட்டில் எண்ணெய் பிரிந்து, பொடி சந்தனம் போல ஒட்டிக்கொள்ளும். சூடாக அரைத்தாலும் அதே கதிதான். அப்படி ஆகிவிட்டால் எறிய வேண்டாம், தேங்காய் சேர்த்துத் துவையலாக அரைத்துவிடுங்கள்.

200 கிராம் அரிசியில் வடித்த சாதத்துக்கு மூன்று மேசைக்கரண்டிப் பொடி. சாதம் ஆறி உதிரியாக இருக்கும்போது நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கலக்க வேண்டும். பொடி வெளியில் மூன்று வாரம் தாங்கும். மணம் குறையாமல் இருக்கச் சிறு சிறு அளவாகச் செய்வதே நல்லது.

எள்ளுருண்டை: இடித்ததும் பாகு வைத்ததும்

பொடிக்கு எண்ணெய் பிரியக் கூடாது. இடித்த உருண்டைக்கு அது பிரிந்தே ஆக வேண்டும். ஆகவே இங்கே எள் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.

வறுத்த கறுப்பு எள் 250 கிராம், கருப்பட்டி அல்லது வெல்லம் 175 கிராம், ஏலக்காய் 3, சுக்குப்பொடி கால் டீஸ்பூன். கருப்பட்டியில் மணல் இருக்கும். சீவும்போதே அடிப்பகுதியைத் தள்ளிவிடுங்கள். உரலில் எள்ளைப் போட்டு, முக்கால் பங்கு நசுங்கும் வரை இடித்து, பிறகு சீவிய கருப்பட்டியைச் சேர்த்து இடியுங்கள். கொஞ்ச நேரத்தில் மாவு கறுத்துப் பளபளக்கும், உலக்கையில் ஒட்டும். அதுதான் பதம். கையில் எடுத்து அழுத்திப் பிடித்தால் உருண்டை நிற்கும், உள்ளங்கையில் எண்ணெய் படியும். உரல் இல்லாதவர்கள் மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டலாம், ருசி ஒரு மாற்றுக் குறைவுதான்.

பிடிபடவில்லை என்றால் பலரும் பாலைத் தெளிப்பார்கள். அது தவறு. மறுநாளே ஊசிவிடும். நெய்யும் தேவையில்லை. இன்னும் கொஞ்சம் இடித்தால் எள்ளே தன் எண்ணெயை விடும். வெல்லம் மழைக்காலத்தில் நீர்விட்டுப் பிசுபிசுத்திருந்தால் உருண்டை தளதளவென்று ஆகும். வெல்லத்தை முன்கூட்டியே சீவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் சரியாகும். இந்த உருண்டை பத்து முதல் பதினைந்து நாள் நன்றாக இருக்கும்.

பாகு உருண்டைக்கு வறுத்த எள் 200 கிராம், வெல்லம் 160 கிராம், தண்ணீர் 50 மில்லி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். நுரை பெரிய குமிழிலிருந்து சிறு குமிழாக மாறி, பாகு கனத்து விழத் தொடங்கும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விடுங்கள். அதை எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டக்' என்று ஓசை வர வேண்டும். உடனே அடுப்பை அணைத்து எள்ளைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும்.

பாகு இளம் பதத்தில் நின்றால் உருண்டை அன்று அழகாக இருக்கும், மறுநாள் சப்பையாகி ஒன்றோடொன்று ஒட்டும். பதம் மிஞ்சினால் நாலைந்து பிடிப்பதற்குள் சட்டியில் பாறையாகும். அப்போது சட்டியை மிகச் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் மீண்டும் இளகும். ஒருமுறைக்கு மேல் இப்படிச் செய்தால் வெல்லம் கருகும்.

செக்கில் ஆட்டக் கொடுக்கும்போது

மரச்செக்குக்கு எள்ளைக் கொண்டுபோகும் முன் கழுவிக் காயவைத்தது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். போகும் நாள் காலையிலும் இரண்டு மணி நேரம் வெயில் காட்டினால் எண்ணெய் எளிதாக இறங்கும்.

10 கிலோ எள்ளுக்கு ஒரு கிலோ வரை கருப்பட்டி போடுவது வழக்கம். எண்ணெய்க்கு இனிப்பு ஏற்றுவதற்காக என்று நினைப்பவர்கள் உண்டு. கருப்பட்டி எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடுதான் போகும். அதன் வேலை நசுங்கிய எள்ளை ஒட்டிச் சேர்த்துப் பிடிப்பது. திப்பி இறுகினால்தான் எண்ணெய் பிரிந்து வெளியே வரும். இடையிடையே சிறிது தண்ணீர் தெளிப்பதும் இதே காரணத்துக்காக. தண்ணீர் குறைந்தால் திப்பி மாவாகவே சுற்றும், உலக்கை உரசிச் சூடேறும். கூடினால் எண்ணெய் கலங்கலாக வந்து சீக்கிரம் கெடும். இந்த அளவு ஆட்டுபவரின் கைப்பழக்கம். நன்றாகச் செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கணக்கு இதுதான்: மரச்செக்கில் எள்ளின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எண்ணெயாக வரும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 915 கிராம் எடை. ஆக 10 கிலோவுக்கு நாலு முதல் நாலரை லிட்டர். அதாவது ஒரு லிட்டருக்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ எள் வேண்டும். அன்றைய எள் விலையை இந்த அளவால் பெருக்கி, கடையில் 'மரச்செக்கு' என்று விற்கும் எண்ணெயின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புண்ணாக்கின் விலையைக் கழித்த பின்னும் எண்ணெய் எள்ளைவிட மலிவாக இருந்தால் அதில் வேறேதோ இருக்கிறது.

கொண்டுவந்த எண்ணெயை அகல வாய்ப் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டி, இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். ஈரம் போய் மண்டி அடியில் தங்கும். மூன்றாம் நாள் ஆடாமல் அசையாமல் தெளிவை இறுத்து எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடியிலோ ஊற்றி இருட்டில் வைத்துவிடுங்கள். செம்பு, பித்தளையில் வைக்கக் கூடாது. அந்த உலோகங்கள் எண்ணெய் காறுவதை விரைவுபடுத்தும். வெயிலையும் இரண்டு நாளோடு நிறுத்த வேண்டும். மாதக் கணக்கில் சன்னலோரம் வைத்தால் எந்த எண்ணெயும் கெடும். அடியில் நிற்கும் மண்டியை எறியாமல் ஒரு வாரத்துக்குள் தாளிப்பில் தீர்த்துவிடலாம்.

நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்பட நிற்பதற்கு அதில் உள்ள செசமின், செசமோலின் என்னும் பொருள்கள் உதவுகின்றன. செசமோலின் சூட்டில் சிதைந்து செசமால் ஆகிறது, அது எண்ணெய் காறுவதைத் தடுக்கும். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு நியாயம். காயும்போது ஈரமும் போய்விடுகிறது. ஊறுகாய்க்கு மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்க வேண்டும். வடை, பலகாரம் என்று மீண்டும் மீண்டும் பொரிக்கச் செக்கு நல்லெண்ணெய் ஏற்றதல்ல, சீக்கிரம் புகையும்.

கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்கும் முறைகள் பெரும்பாலும் ஏமாற்று. குளிர்பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்த்தால் பாமாயில் கலந்திருந்தால் தெரியலாம், சூரியகாந்தியோ தவிட்டெண்ணெயோ தெரியாது. ஆய்வகத்தில் பர்ஃபுராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் நல்லெண்ணெய் சிவக்கும். பௌதூயின் சோதனை என்று இதற்குப் பெயர். வனஸ்பதியில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவில் விதி வைத்தது இதற்காகத்தான். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும். ஆனால் நல்லெண்ணெய் இருக்கிறது என்றுதான் இந்தச் சோதனை சொல்லும், நல்லெண்ணெய் மட்டுமே இருக்கிறது என்று சொல்லாது.

எண்ணெய்க் குளியல்

நாலு நாளைக்கு ஒருமுறை என்பது சித்த மருத்துவ மரபு. இன்றைக்கு வாரம் ஒருமுறை முடிந்தாலே நன்று. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது வழக்கம். கிழமையைவிட, அன்று வேறு அலைச்சல் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

பெரியவர் ஒருவருக்குத் தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி, உடம்புக்கு 50 முதல் 75 மில்லி. எண்ணெயை நேரடியாகக் கொதிக்கவிடாமல், கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். சளி பிடிக்கும் உடம்பென்றால் 100 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் சீரகமும் ஐந்து மிளகும் போட்டு, சீரகம் பொரிந்து அடங்கும் வரை காய்ச்சி ஆறவைத்துத் தேய்க்கலாம். மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும். முழு மிளகு காய்ந்த எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

உச்சந்தலையில் தொடங்கி, காது மடல், பிடரி, மூட்டுகள், உள்ளங்கால் என்று தேய்த்து இருபது நிமிடம் இருந்தால் போதும். மணிக்கணக்கில் ஊறினால் சளிதான் பிடிக்கும். தாங்கக்கூடிய வெந்நீரில் குளிக்க வேண்டும். சீயக்காயை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் பிசுக்குப் போகும், முடியும் வறளாது. குளியலறைத் தரையில் எண்ணெய் சிந்தினால் சீயக்காயை அதிலும் தூவிக் கழுவிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவது இந்த நாளில்தான். அன்று மிளகு ரசமும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பிட்டு, பகல் தூக்கத்தைத் தவிர்ப்பது வழக்கம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி இருக்கும்போது வேண்டாம். சாப்பிட்ட கையோடும் வேண்டாம். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாம். ஆனால் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும், உயிருக்கே ஆபத்து. காதில் சீழ் வடிந்தாலோ செவிப்பறை கிழிந்திருந்தாலோ காதிலும் விடக்கூடாது.

எண்ணெய் கொப்பளிக்க ஒரு மேசைக்கரண்டி, வெறும் வயிற்றில், பத்து முதல் பதினைந்து நிமிடம். நுரைத்து வெளுத்ததும் துப்பிவிட்டு வாயைக் கழுவிப் பல் துலக்க வேண்டும். விழுங்கக் கூடாது, கைகழுவும் தொட்டியில் துப்பினால் குழாய் அடைக்கும். பல்லில் படியும் படலத்தைக் குறைக்க இது உதவலாம். சர்க்கரை நோயையும் மூட்டு வலியையும் போக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

உணவாகவும் மருந்தாகவும்

'இளைத்தவனுக்கு எள்ளு' என்பது சரியான பேச்சுத்தான். 100 கிராம் எள்ளில் சுமார் 570 கலோரி இருக்கிறது. இளைத்தவருக்கு நல்லது என்பதாலேயே பருத்தவர் கணக்குப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 9 கிராம், போதுமான அளவு.

பாலைவிடப் பல மடங்கு கால்சியம் என்று எள்ளைப் பற்றிச் சொல்வார்கள். எடைக்கு எடை பார்த்தால் உண்மை. தோலுள்ள எள் 100 கிராமில் 975 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆனால் 100 கிராம் எள்ளை யாரும் ஒரு நாளில் தின்பதில்லை. ஒரு மேசைக்கரண்டியில் 90 மில்லிகிராமுக்கும் குறைவுதான். அதிலும் பெரும்பகுதி தோலில் ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால் உடம்பு முழுதையும் எடுத்துக்கொள்வதில்லை. எள்ளைப் பாலுக்கு மாற்றாக எண்ண வேண்டாம், துணையாக வைத்துக்கொள்ளுங்கள். முழு மணியாக விழுங்கினால் பாதி அப்படியே வெளியேறும். இடித்தோ அரைத்தோ சாப்பிட்டால்தான் பயன்.

வயதுக்கு வந்த பெண்களுக்குக் கொடுக்கும் உளுத்தங்களியில் நல்லெண்ணெய்க்கு முக்கியமான இடம் உண்டு. வறுத்த உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு சேர்த்து அரைத்த மாவு ஒரு டம்ளர், கருப்பட்டி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர், நல்லெண்ணெய் கால் டம்ளர். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஆறிய நீரிலேயே மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால்தான் கட்டி தட்டும். சிறு தீயில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். களி சட்டியை விட்டு உருண்டு வந்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருக்கும்போது இறக்கலாம்.

மூலத்துக்கு இடித்த எள்ளை வெண்ணெயில் குழைத்துக் காலையில் ஒரு ஸ்பூன் கொடுப்பது பழைய முறை. மலத்தோடு இரத்தம் போனால் அதை வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். எள் இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டால் வழுவழுப்பான பசை இறங்கும். அந்த நீரைத் தலைக்குத் தேய்த்து அலசினால் முடி மிருதுவாகும். செடி வைத்திருப்பவர்களுக்கு இது செலவில்லாதது.

எள் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. சாப்பிட்டதும் உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அது சூட்டு உடம்பல்ல, ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பிறகு எள்ளைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தோலுள்ள எள்ளைக் குறைக்க வேண்டும். மாதவிலக்கைத் தூண்டும் என்று கருதுவதால் கர்ப்பிணிகளுக்கு எள்ளுருண்டை கொடுக்காதது ஊர் வழக்கம். மருந்தளவில் எடுக்கும் எண்ணம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

சொந்த நிலத்தில் விதைப்பவர்களுக்கு

'எள்ளுக்கு ஏழு உழவு' என்பது மிகைதான். ஆனால் விதை அவ்வளவு சிறியது. ஆயிரம் மணி சுமார் மூன்று கிராம். கட்டி உடையாத மண்ணில் அது மேலே வர முடியாது. ஏக்கருக்கு 2 கிலோ விதையை நாலு மடங்கு மணலில் கலந்து தூவினால் சீராக விழும். ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. வரிசை இரகங்களும் விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. இரகங்களும் 70 முதல் 90 நாளில் முடியும்.

விளைச்சலைத் தீர்மானிப்பது பயிர் கலைப்புத்தான், அதாவது நெருக்கமாக முளைத்த செடிகளைப் பிடுங்கி இடைவெளி விடுவது. 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், 30ஆம் நாள் 30 சென்டிமீட்டர் என்று கலைக்க வேண்டும். சதுர மீட்டருக்குப் பதினொரு செடி நின்றால் போதும். பச்சைச் செடியைப் பிடுங்க மனம் வராமல் விட்டவர்களின் வயலில் செடி நெடுநெடுவென்று வளர்ந்து பக்கக் கிளை இல்லாமல், காயும் இல்லாமல் நிற்கும். தண்ணீர் தேங்கினால் ஒன்றிரண்டு நாளில் வாடிச் சாகும். பூ வர வேண்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகச் சின்ன இலைகள் வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். அந்தச் செடி காய்க்காது, உடனே பிடுங்கி அழிக்க வேண்டும்.

அறுவடையில் ஒரு நாள் தாமதித்தால் காய் வெடித்து எள் மண்ணுக்குப் போய்விடும், முந்தினால் சொத்தை. அடியிலைகளில் கால் பங்கு உதிர்ந்ததும், தண்டின் அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு எள் இரகமானால் உள்ளே மணி கறுத்திருக்க வேண்டும். அப்போது செடிகளை அரிந்து, நுனி உள்பக்கமும் அடித்தண்டு வெளிப்பக்கமுமாக வட்டமாகப் போர் அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடுங்கள். எள்ளுக்கு ஈரமும் சூடும் சேர்ந்து நன்மை செய்யும் இடம் இது ஒன்றுதான். மூன்று நாள் புழுங்கினால் இலை உதிர்ந்து காய் இளகும். நாலாவது நாள் படுதாவில் பரப்பி வெயிலில் காயவிட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறினால் முதல் நாளே முக்கால்வாசி எள் கொட்டிவிடும். மீதியை அடுத்தடுத்த நாள்களில் தட்டி எடுக்கலாம். முதல் உதறலில் விழுந்ததுதான் நன்றாக முற்றிய எள். அடுத்த பட்டத்துக்கான விதையை அதிலிருந்து எடுத்து, தனியே காயவைத்து முடிந்துவையுங்கள்.